ஒரு ஸ்னோட்ராப் கிழங்குக்கு அறுபது பவுண்டு கொடுக்கலாமா? அரிய வகைகளைச் சேர்ப்பதும் வளர்ப்பதும்

வடக்கு லண்டனில் சிறு தோட்டத்தோடு ஒரு வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் பிப்ரவரியில், குளிர்காலம் முடியும் முன்பே பூக்கும் தன் ஸ்னோட்ராப் கிழங்குச் செடிகளைக் காட்டி, ஒன்றைச் சுட்டி “இது ஒரு கிழங்கு அறுபது பவுண்டு” என்றிருக்கிறார். உங்கள் கண்ணுக்கு எல்லாமே ஒரே வெள்ளைப் பூ. இந்த வேறுபாடெல்லாம் நிஜமா, வெறும் வியாபாரமா, நாமும் தொடங்கலாமா, ஊட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு நாலு கிழங்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு: எதைப் பார்த்து இவர்கள் வகை பிரிக்கிறார்கள்? காசு கொடுத்து வாங்கினால் என் கையில் அது பிழைக்குமா? தோட்டக்கலை படித்து, இங்கிலாந்தில் கிழங்குப் பூச்செடிகள் வளர்க்கும் நர்சரிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குத் தயக்கமில்லாத பதில்: வேறுபாடு நிஜம். ஆனால் நின்றபடி பார்த்தால் தெரியாது. மண்டியிட்டு, கவிழ்ந்திருக்கும் பூவை ஒரு விரலால் மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள். வெளியே மூன்று நீண்ட வெள்ளை இதழ்கள், உள்ளே அவற்றில் பாதி நீளத்தில் மூன்று இதழ்கள். உள்ளிதழின் நுனியில் ஒரு சிறு பிளவு, அந்தப் பிளவைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு குறி. சாதாரண ஸ்னோட்ராப்பான கேலந்தஸ் நிவாலிஸில் அது தலைகீழ் ‘வி’ எழுத்து மாதிரி இருக்கும். கேலந்தஸ் எல்வெஸியை இனத்தில் பெரும்பாலும் நுனியில் ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு குறிகள்; சிலவற்றில் இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி போல ஆகிவிடும்.

பூவைவிட நம்பகமான அடையாளம் இலை. மண்ணிலிருந்து இரண்டு இலைகளும் கிளம்பும் இடத்தைக் கவனியுங்கள். நிவாலிஸில் இரண்டும் தட்டையாக ஒன்றோடொன்று ஒட்டி வரும். எல்வெஸியையில் ஒரு இலை மற்றதைச் சுற்றி அணைத்தபடி வரும். நிறம் சாம்பல் பூத்த பச்சை. பிளிகேட்டஸ் இனத்தில் இலையின் இரண்டு ஓரங்களும் பின்பக்கம் மடிந்திருக்கும். வொரொனோவியை இலை அகலமாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் பச்சை. இந்த நான்கையும் இலை கொண்டே பிரிக்கத் தெரிந்துவிட்டால், சந்தையில் யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது. இயற்கை இனங்கள் மொத்தமே இருபதுக்குச் சற்று மேல்தான். பெயர் வைத்த தோட்ட வகைகளோ ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அவற்றில் நிறைய வகைகள் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில் இருப்பவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் வைப்பதில் கொஞ்சம் அவசரம் நடக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் சில வகைகளின் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தப்பாது. ‘டிரிம்’ என்ற வகையில் வெளியிதழ்களே உள்ளிதழ் மாதிரி குட்டையாகி, ஒவ்வொன்றிலும் பெரிய பச்சைக் குறி விழுந்திருக்கும். ‘விரிடாபைஸ்’ வகையில் வெளியிதழ் நுனியில் பச்சை. ‘டிகரி’ பூவின் இதழ்கள் உருண்டு திரண்டு, மேற்பரப்பு சுருக்கம் விழுந்த துணி மாதிரி இருக்கும். ‘வெண்டிஸ் கோல்ட்’ பூவில் பச்சை இருக்கவேண்டிய குறியும், பூவுக்கு மேலே இருக்கும் சூல்பையும் மஞ்சள். ‘மேக்னட்’ பூவின் காம்பு நீண்டு மெலிந்திருப்பதால் லேசான காற்றுக்கே ஆடும். ‘எஸ். ஆர்னட்’ பூவில் வெயில் பட்டதும் தேன் மணம் வரும். பத்து டிகிரி அளவுக்கு வெப்பம் ஏறினால்தான் வெளியிதழ்கள் விரியும். அதனால் குளிர்ந்த காலையில் பார்த்துவிட்டு “மணமே இல்லையே” என்று முடிவுகட்டாதீர்கள். மதியம் போய்ப் பாருங்கள்.

இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்னோட்ராப் பிரிட்டனின் சொந்தச் செடி அல்ல. தோட்டங்களில் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது. தானாகக் காட்டில் வளர்வதாகப் பதிவானது 1778இல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரிமியப் போருக்குப் போன சிப்பாய்கள் அங்கிருந்து பிளிகேட்டஸ் கிழங்குகளைக் கொண்டுவந்தார்கள். செடி சேகரிப்பாளர் ஹென்றி ஜான் எல்வெஸ் 1874இல் துருக்கியின் ஸ்மிர்னா பக்கம், இன்றைய இஸ்மிர், மலைகளில் ஒரு பெரிய பூ வகையைக் கண்டார். அதுதான் அவர் பெயரைத் தாங்கிய எல்வெஸியை. தனித்தனி நாட்டில், தனித்தனி மலையில் இருந்த இனங்கள் ஒரே ஆங்கிலத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும், தேனீக்கள் மீதி வேலையைச் செய்துவிட்டன. இன்று நாம் கொண்டாடும் பழைய வகைகளில் பல அப்படித் தோட்டத்திலும் தேவாலய வளாகத்திலும் தானாக முளைத்த கலப்புகள். யாரோ ஒருவர் குனிந்து பார்த்து “இது வேறு” என்று சொன்னதால் பிழைத்தவை. திட்டமிட்டுக் கலந்தவர்களும் உண்டு. நார்ஃபோக்கில் இருந்த ஹெய்ரிக் கிரேட்டரெக்ஸ் 1940களில் அடுக்கு நிவாலிஸின் மகரந்தத்தைப் பிளிகேட்டஸோடு சேர்த்து அடுக்குப் பூ வகைகளை உண்டாக்கினார். ‘ஒஃபீலியா’, ‘டெஸ்டிமோனா’, ‘ஹிப்பொலிட்டா’ என்று ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயரை வைத்தார். அவற்றில் எது எது என்று உறுதியாகப் பிரிப்பது பழுத்த சேகரிப்பாளர்களுக்கே கடினம். அந்தப் பெயரில் நீங்கள் வாங்குவது அசல்தானா என்பதில் எப்போதும் ஒரு ஐயத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. 2012இல் மஞ்சள் நிற வொரொனோவியையான ‘எலிசபெத் ஹாரிசன்’ வகையின் ஒரு கிழங்கு ஏலத்தில் 725 பவுண்டுக்குப் போனது. 2015இல் ‘கோல்டன் ஃப்ளீஸ்’ 1,390 பவுண்டு. 2022இல் ‘கோல்டன் டியர்ஸ்’ 1,850 பவுண்டு. செய்தித்தாள்கள் இந்த எண்களைத்தான் போடும். அவை போடாத கணக்கு ஒன்று உண்டு. நன்றாக வளரும் கிழங்கு ஆண்டுக்கு ஒன்று இரண்டாகும். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். அதோடு கத்தி வைத்துப் பெருக்கும் முறையும் சேர்ந்தால் பத்தாண்டில் அந்த வகை பல நூறு தோட்டங்களில் இருக்கும். விலை இறங்காமல் என்ன செய்யும்? ‘எலிசபெத் ஹாரிசன்’ இன்று அன்றைய ஏல விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. ஆகவே அதிக விலை என்பது அழகுக்கான மதிப்பெண் இல்லை. “இது இன்னும் பெருகவில்லை” என்பதைத்தான் அது சொல்கிறது. அது புதிய வகை என்பதாலும் இருக்கலாம். பெருகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நோஞ்சான் வகை என்பதாலும் இருக்கலாம். இரண்டாவது காரணத்துக்கு அறுபது பவுண்டு கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய நஷ்டம். இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் கிடைத்த மஞ்சள் நிவாலிஸ் வகைகள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தெற்கே பல தோட்டங்களில் இளைத்து இளைத்து மறைந்துபோகும். முதலில் அவற்றில் கைவைக்க வேண்டாம்.

அதனால் என் யோசனை: ‘எஸ். ஆர்னட்’, ‘மேக்னட்’, ‘ஆட்கின்ஸியை’ மூன்றில் தொடங்குங்கள். சில பவுண்டுக்குக் கிடைக்கும். மூன்றும் வீரியமானவை, மூன்றும் நூறாண்டு தாண்டியவை. நூறாண்டு பல கை மாறியும் சாகாத செடி உங்களிடமும் சாகாது. ‘எஸ். ஆர்னட்’ கதையே அதற்குச் சான்று. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் பக்கத்துச் சாமுவேல் ஆர்னட் அதை எல்வெஸுக்குக் கொடுத்தார். குளோஸ்டர்ஷயரில் இருந்த எல்வெஸின் கோல்ஸ்போர்ன் தோட்டத்திலிருந்து அது மற்றவர்களுக்குப் போனது. 1950களில் அதே குளோஸ்டர்ஷயரில் ஒரு பழைய தோட்டத்தில் கூட்டம் கூட்டமாக நின்றதிலிருந்து விற்பனைக்குப் பெருக்கினார்கள். கொடுத்தவர் தோட்டம் அழிந்தாலும் வாங்கியவர் தோட்டத்தில் வகை இருக்கும். அரிய வகை கைக்கு வந்ததும் இரண்டாக ஆனவுடன் ஒன்றை நம்பிக்கையானவருக்குக் கொடுத்துவிடுவது இந்த வட்டத்தின் பழைய வழக்கம். தாராள மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். அதுதான் நமக்கான காப்பீடும்கூட. உங்கள் தோட்டத்தில் பூசணம் வந்து எல்லாம் போனாலும், கொடுத்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பழகுங்கள். அறுபது பவுண்டு வகையை அவரே ஒருநாள் கையில் கொடுப்பார்.

வளர்ப்பில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. இலை உதிர்க்கும் மரம் அல்லது புதரின் அடி நல்ல இடம்: குளிர்காலத்தில் வெளிச்சம் விழும், கோடையில் நிழல் இருக்கும். இலை மக்கிய உரம் கலந்த மண், செடி வளரும் மாதங்களில் ஈரம், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. லண்டன் களிமண்ணாக இருந்தால் பொடிக்கல் கலந்து கொஞ்சம் மேடாக்கி நடுங்கள். ஆழம் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். பூ முடிந்த பிறகு இலையை வெட்டாதீர்கள், முடிச்சுப் போடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்தை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்புகிறது. கூட்டம் நெருக்கமாகிப் பூ குறைந்தால் பிரித்து நடுங்கள்.

உறைபனி விழுந்த காலையில் செடி முழுக்கத் தரையில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து முதல் ஆண்டில் பலர் பதறுவார்கள். வெயில் ஏறியதும் எழுந்து நிற்கும். பதற வேண்டியது வேறொன்றுக்கு: முளை மண்ணைவிட்டு வரும்போதே சாம்பல் நிறத்தில் மென்மையான பூசணம் போர்த்தி இலை அழுகினால், அது பொட்ரைட்டிஸ் கேலந்தினா. அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலையில் செம்பழுப்புத் தீக்காயம் போல வந்தால் அது ஸ்டாகனோஸ்போரா பூசணம். கிழங்கின் உள்ளே ஒற்றைப் பருத்த புழு இருந்தால் நார்சிஸ்ஸஸ் ஈயின் வேலை. கோடையின் தொடக்கத்தில் வெயில் படும் இடத்தில்தான் அது முட்டையிட வரும். நிழலில் நடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது நடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டி நடுவதுதான் சரி என்று இங்கே பாட்டன் காலத்திலிருந்து சொல்வார்கள். அதற்குக் காரணம், இலையுதிர் காலத்தில் கடையில் பையில் தொங்கும் காய்ந்த கிழங்குகள் பெரும்பாலும் வற்றிச் செத்திருக்கும். ஆனால் பச்சையாக எடுக்கும்போது வேர் அறுந்துபோகிறது; அந்த ஆண்டுக்கு அந்த வேர் மீண்டும் வளராது. இலை பழுத்து விழுந்தபின், ஜூன் ஜூலையில், உறங்கும் கிழங்கைத் தோண்டி வற்றவிடாமல் உடனே நடுவதே நல்லது என்ற பக்கம் நான். நர்சரிகளும் இப்போது அதிகமாக அப்படித்தான் செய்கின்றன. இருந்தாலும் பிப்ரவரியில் பூவைக் கண்ணால் பார்த்து வாங்கும் வசதிக்கு ஈடில்லை. அதனால் தொட்டியில் வேரோடு விற்பதை வாங்கி, மண் கலையாமல் அப்படியே இறக்கிவிட்டால் இரண்டு தரப்பு வாதமும் தேவைப்படாது. இடம் மாறினால் சில வகைகள் குணம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுக்குப் பூவான ‘லேடி எல்ஃபின்ஸ்டன்’ மஞ்சளுக்குப் பெயர்போனது. நட்ட ஓரிரு ஆண்டு வெறும் பச்சையாகப் பூத்து உங்களை நோகடிக்கும். ஏமாந்துவிட்டோம் என்று பிடுங்கிவிடாதீர்கள், பொறுத்திருந்தால் மஞ்சள் திரும்பும்.

பெருக்குவதில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். விதையிலிருந்து வந்தால் பிள்ளை தாயைப்போல இருக்காது; பூக்கவும் மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். வகை அப்படியே வேண்டுமென்றால் கிழங்கைத்தான் பிரிக்க வேண்டும். ஜூன் ஜூலையில் நன்கு பருத்த கிழங்கு ஒன்றை எடுத்து, பழுப்புத் தோலை உரித்து, காய்ந்த வேரையும் மேல் நுனியையும் சீவிவிடுங்கள். கூரிய அறுவைக் கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, கிழங்கை மேலிருந்து கீழாக எட்டாக, பெரிதாக இருந்தால் பதினாறாகப் பிளக்க வேண்டும். உள்ளே வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு கீற்றையும் இரண்டிரண்டு அடுக்கு சேர்ந்த துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். எந்தத் துண்டானாலும், வேர் கிளம்பும் அடித்தட்டில் ஒரு சிறு பகுதி ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத துண்டு வெறும் தோல், முளைக்காது. பூசணக்கொல்லியில் நனைத்து, லேசாக ஈரப்படுத்திய வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்று நிரப்பிக் கட்டி, இருட்டில் இருபது டிகிரியில் வையுங்கள். அழுகியது தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு வாரம் போல ஆனதும் திறந்தால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் வெள்ளையாகக் குட்டிக் கிழங்கு பிடித்திருக்கும். அதைத் தொட்டியில் நட்டால் பூக்க மூன்று ஆண்டு போல ஆகும். சுத்தத்தில் கொஞ்சம் பிசகினாலும் பை முழுக்க அழுகிவிடும். ஆகவே ‘எஸ். ஆர்னட்’ கிழங்கில் கை பழகிவிட்டுத்தான் விலையுள்ளதில் கத்தி வைக்க வேண்டும். தாயிடம் வைரஸ் இருந்தால் எல்லாத் துண்டுக்கும் அது போகும் என்பதையும் மறக்காதீர்கள். இலையில் வெளிர் கோடுகளும் திட்டுகளும் உள்ள செடியைப் பெருக்கவே கூடாது.

சேகரிப்பில் உயிர் போவதைவிடப் பெயர் போவது அதிகம். அட்டை காற்றில் பறக்கும், மை அழியும், பறவை கொத்திக்கொண்டு போகும். பக்கத்துக் கூட்டத்தின் விதை எறும்பு வழியாக வந்து நடுவில் முளைக்கும். விதையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சத்துக்காக எறும்புகள் அதை இழுத்துப் போகின்றன. அதனால் ஒவ்வொரு வகையையும் குளத்துச் செடிகளுக்கு விற்கும் வலைத் தொட்டியில் வைத்து மண்ணில் புதையுங்கள். வேர் வெளியே போகும், கிழங்கு கலக்காது. விதைக்காய் முற்றுவதற்கு முன் கிள்ளிவிடுங்கள். அட்டை ஒன்று மண்ணுக்குள், ஒன்று வெளியே. எந்த மூலையில் எது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைபடம். யாரிடம், எந்த ஆண்டு வாங்கியது என்பதையும் அதில் எழுதுங்கள்.

காட்டில் நிற்பதைத் தோண்டலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நில உரிமையாளர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்னோட்ராப் செடிகளின் பேரினமான கேலந்தஸ் முழுவதும் 1990 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வொரொனோவியை கிழங்குகள் வரை ஏற்றுமதி செய்ய அனுமதி ஒதுக்கீடு இருந்திருக்கிறது. மலிவாகப் பையில் தொங்கும் கிழங்கு எங்கே வளர்ந்தது என்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

இதிலிருந்தே ஊட்டிக் கேள்விக்கும் பதில் வருகிறது. நாட்டு எல்லை தாண்டினால் சைட்டீஸ் அனுமதி, செடி நலச் சான்றிதழ், இந்தியாவின் இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும். பெட்டியில் நாலு போட்டுக்கொண்டு போவது சட்டமீறல். தட்பவெப்பமும் ஒத்துவராது. ஸ்னோட்ராப் கோடையில் உறங்கும் செடி; நீலகிரியில் அந்த மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை கொட்டும். உறங்கும் கிழங்கு ஈரத்திலேயே கிடந்தால் அழுகும். அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. மறதி நோய்க்குத் தரும் கேலண்டமைன் மருந்து முதலில் 1950களில் சோவியத் விஞ்ஞானிகள் வொரொனோவியை கிழங்கிலிருந்து பிரித்ததுதான். அந்த அளவுக்கு வீரியமான பொருள் உள்ளே இருக்கிறது. தோண்டி எடுத்ததைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

வடக்கு லண்டன் என்றீர்கள். என்ஃபீல்டில் மிட்டில்டன் ஹவுஸ் உங்களுக்குப் பக்கம். 1954இல் மறைந்த தோட்டக்கலைஞர் ஈ. ஏ. பௌல்ஸ் வாழ்நாள் முழுக்கத் தோட்டமிட்ட இடம் அது. அவர் பெயரைத் தாங்கிய பிளிகேட்டஸ் வகையும் அங்கே கிடைத்ததுதான். அதில் உள்ளிதழ்களும் வெளியிதழ்கள் போலவே நீண்டு, பச்சைக் குறியே இல்லாமல் தூய வெள்ளையாக இருக்கும். பிப்ரவரியில் வெயிலுள்ள ஒரு மதியம் போய், மேலே சொன்ன இலை அடையாளங்களை வைத்து நான்கு இனங்களையும் பிரிக்க முயன்று பாருங்கள். கொஞ்சம் தூரம் போக முடிந்தால் கேம்பிரிட்ஜ் பக்கத்து ஆங்கிள்ஸி ஆபியும், குளோஸ்டர்ஷயரின் கோல்ஸ்போர்னும் உண்டு. பிறகு வாங்குங்கள்.

படம் அனுப்பினால் வகைப் பெயர் சொல்லுவீர்களா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இனத்தை ஓரளவு சொல்லிவிடலாம். அதற்குப் பூவின் முகம் மட்டும் போதாது, உள்ளிதழ் தெரியும்படி ஒரு படம், இலைகள் மண்ணிலிருந்து கிளம்பும் இடம் ஒரு படம், பூத்த தேதி மூன்றும் வேண்டும். வகைப் பெயரைப் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அப்படிச் சொல்கிறவர் பேச்சை நம்பி அட்டையில் எழுதிவிடாதீர்கள். பெயர் தெரியாத நல்ல செடியை “இன்னார் தோட்டத்திலிருந்து, இந்த ஆண்டு” என்று எழுதி வைத்தாலே போதும்.